முப்பதாவது பிள்ளை

கோணம்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்வார்கள். அதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அவர்கள் சொன்னது ரொம்பக் குறைவு என்று.

அந்த ஊரில் பூவலிங்க அண்ணாச்சி ‘தேன்மொட்டு மழலையர் பள்ளி’ என்று ஒன்று நடத்திவந்தார். அவருக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு வீடு ஒரே அமைதியாகிவிட்டது. மனுசன் எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்? நெல் மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கியைக் காலி பண்ணி, சுவரில் நாலு வாத்து வரையச் சொல்லி, பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டார். காலையில் பிள்ளைகள் போடும் கூச்சல் காதில் விழுந்தால்தான் அவருக்கு இட்லி தொண்டையில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டினிதான்.

பாடம் நடத்தக் கனகமணி டீச்சர், பிள்ளைகளைக் கவனிக்கச் செல்லத்தாயி ஆயா, வாசலில் காவலுக்குச் சொர்ணப்பன். மூன்று பேருமே ரொம்ப நல்லவர்கள். அவர்களைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் எல்லா மழலையர் பள்ளிக்கும் தரச்சான்று வேண்டும். இல்லாவிட்டால் பூட்டிவிட்டு, பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பக்கத்து டவுனுக்கு அனுப்பிவிடுவார்கள். பூட்டின கட்டடமும் நாலு வாத்தும்தான் மிச்சம் என்றால் அண்ணாச்சி யாருக்காகக் காலையில் எழுந்திருப்பது?

நல்லவேளை, முன்கூட்டியே யோசனை சொல்ல ஒரு ஆலோசகர் வந்தார். அவசரக்காரர். ஜீப்பை அணைக்காமலே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏறிக்கொண்டே சொன்னார். “எல்லாம் பிள்ளைங்க உயரத்துக்கு இருக்கணும். பிள்ளைங்க மேல வச்ச கண்ணை எடுக்கவே கூடாது. முன்பின் தெரியாத பெரியவங்க யாரையும் உள்ள விடாதீங்க. கூட்டிட்டுப் போக யாராவது வந்தா, ‘இவரைத் தெரியுமா’ன்னு பிள்ளைகிட்டக் கேட்டுட்டுத்தான் அனுப்பணும். செல்போன் உள்ள வரக்கூடாது. அப்புறம், முப்பது பிள்ளை இருந்தாத்தான் சான்று. உங்ககிட்ட ஒண்ணு குறையுது, சேத்துருங்க.”

ஜீப் போய்விட்டது. புழுதி அடங்குவதற்குள் ஆலோசனைக் கூட்டம் ஆரம்பமாகிவிட்டது.

“ஊர்ல இருக்கிற பிள்ளை அத்தனையும் இங்கதான் இருக்கு. முப்பதாவதுக்கு எங்க போக?” என்றார் அண்ணாச்சி.

“மேலத்தெருவுல புதுசாக் கல்யாணம் ஆகியிருக்காங்கல்ல” என்றான் சொர்ணப்பன். “அடுத்த மாசத்துக்குள்ள ஒண்ணு பெத்துத் தரச் சொல்லிக் கேட்டா என்ன? பொதுக்காரியம்னு சொன்னா மாட்டேன்னா சொல்லிருவாங்க?”

போய்க் கேட்டுவிட்டும் வந்தான். வரும்போது இடது கன்னம் வீங்கியிருந்தது. அந்த விஷயம் அத்தோடு நின்றுபோனது.

மற்றதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“டீச்சர், எல்லாம்னா எல்லாமேதான?”

“எல்லாம்னா எல்லாமேதான் அண்ணாச்சி. நான் படிச்சவ, சொல்றேன்ல.”

கரும்பலகை இறங்கியது. தண்ணீர்ப் பானை இறங்கியது. காலண்டர் இறங்கியது. சுவர்க் கடிகாரம் முழங்காலுக்கு வந்தது. மணி என்ன என்று பார்க்கக் கனகமணி டீச்சர் தரையில் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது. சில நாள் மணி பார்க்கப் படுத்தவர் அப்படியே தூங்கியும் போனார்.

எல்லாம் முடிந்ததென்று அண்ணாச்சி திரும்பினால், வாசல் மட்டும் திமிராக உசரத்தில் நிற்கிறது.

“இதை இப்படியே விட்டா வர்ற அதிகாரி என்ன நினைப்பாங்க?” என்று கொத்தனாரைக் கூப்பிட்டார். இருக்கிறதிலேயே நெட்டையான பிள்ளையை நிற்க வைத்து அளவெடுத்து, அதற்குமேல் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். அளவெடுக்கையில் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் அகலமும் அந்த அளவுதான்.

மறுநாள் செல்லத்தாயி ஆயா தவழ்ந்து உள்ளே போனார். பாதிதான் போனார். ஆயா கொஞ்சம் கனத்த சரீரம். இடுப்போடு மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகமாட்டேன், பின்னாலும் வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். அரை செம்பு தேங்காயெண்ணெய் ஊற்றித்தான் இழுத்தார்கள். அன்றிலிருந்து பெரியவர்கள் தினமும் எண்ணெய் தடவிக்கொண்டே வேலைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்க முறுக்குக் கடை வாசனை.

அடுத்து, கண்ணை எடுக்காமல் பார்ப்பது. இதுதான் ரொம்பச் சிரமமாக இருந்தது.

“ஆயா, எனக்கு இமைக்கணும் போல இருக்கு. கொஞ்சம் பாத்துக்கிடுங்க.”

“இருங்க டீச்சர், நானே இப்பத்தான் இமைக்கலாம்னு இருக்கேன். சொர்ணப்பா, நீ இமைச்சிட்டியா?”

“நான் காலையிலயே இமைச்சிட்டேன் ஆயா. நீங்க தாராளமா இமைங்க.”

இப்படி முறை வைத்து இமைத்தார்கள். அடுப்பில் சாம்பார் தீய்ந்தது. பூனை வந்து பாலைக் குடித்தது. யாரும் திரும்பவில்லை. பிள்ளைகளைத்தானே பார்க்கச் சொல்லியிருக்கிறது, பூனையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையே! பிள்ளைகள் முதலில் பயந்து அழுதன. பிறகு பழகிப்போய், இவர்களைப் பார்த்துப் பழிப்புக் காட்ட ஆரம்பித்துவிட்டன.

சோதனை நாளும் வந்தது. அண்ணாச்சி விடியுமுன்பே குளித்து, திருநீறு பூசி, எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். பிள்ளைகளை எண்ணினார். இருபத்தொன்பது. தலையைத் தடவித் தடவி எண்ணினாலும் இருபத்தொன்பதுதான்.

வந்தது பழைய ஆலோசகர் இல்லை. அருள்மொழி என்று ஒரு அம்மா. ஒல்லியான உடம்பு, தோளில் பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“வணக்கம். தரச்சான்றுக்காக வந்திருக்கேன்.”

“உங்களை எனக்குத் தெரியாதே” என்றான் சொர்ணப்பன்.

அந்த அம்மா அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். சொர்ணப்பன் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

“இந்தப் போட்டோவுல இருக்கிறவங்களையும் எனக்குத் தெரியாதும்மா. ரெண்டு பேரும் தெரியாதவங்களா வந்து நின்னா நான் என்ன செய்ய?”

போனை மட்டும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, உள்ளே குரல் கொடுத்தான். அண்ணாச்சி வாசல் பொந்து வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். சான்று கொடுக்கிறவர் வெளியே நிற்கிறார். சான்று வேண்டுமானால் அவரை உள்ளே விடக்கூடாது. உள்ளே விடாவிட்டால் சான்று இல்லை. அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அவங்ககிட்டக் கொஞ்ச நேரம் பேசிப் பழகிட்டா தெரிஞ்சவங்க ஆயிருவாங்கல்ல?” என்றார் டீச்சர்.

“தெரியாதவங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு நீங்கதான பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க” என்றார் அண்ணாச்சி.

வெயில் ஏறிக்கொண்டே போனது. அந்த அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். கடைசியில் செல்லத்தாயி ஆயாதான் வழி கண்டுபிடித்தார்.

“அண்ணாச்சி, தெரியாத பெரியவங்களைத்தான விடக்கூடாது? தெரியாத பிள்ளையை விடலாம்ல? புதுசாச் சேர வர்ற பிள்ளை எல்லாம் தெரியாத பிள்ளைதான?”

“இவங்க பிள்ளையா, பெரியவங்களா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“எண்ணெய் போடாம வாசல்ல நுழைஞ்சா பிள்ளை. நுழையாட்டா பெரியவங்க.”

அருள்மொழி மேடம் பொந்தைப் பார்த்தார். ஊர் ஊராகப் போய் எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்தவர்தான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒருவேளை பிள்ளைகளின் கண்ணால் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வைக்கிற புதுமுறையோ என்று நினைத்துக்கொண்டார். தவழ்ந்தார். எண்ணெய் இல்லாமல் சல்லென்று உள்ளே வந்துவிட்டார்.

“பிள்ளைதான்!” என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

பிறகென்ன, சேர்க்கை நடந்தது. வாத்துப் படம் போட்ட அட்டையில் பெயர் எழுதி நெஞ்சில் குத்தினார்கள். தண்ணீர்ப் பாட்டில் கழுத்தில் தொங்கியது. “சமத்துப் பிள்ளை, அழவே இல்லை பாருங்க” என்று டீச்சர் கன்னத்தைக் கிள்ளினார். மேடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஆயா ஒரு கவளம் பருப்புச்சோற்றை வைத்துவிட்டார்.

“ஆ காட்டு கண்ணு. இன்னும் ஒரு வாய். இது காக்காய்க்கு, இது உனக்கு.”

அந்த அம்மா காலையில் ஒரு டீயோடு கிளம்பி வந்தவர். சாப்பிட்டியா என்று அவரை யாரும் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மறுபேச்சுப் பேசாமல் தட்டைக் காலி பண்ணினார். சாப்பிட்டதும் பாயை விரித்துப் படுக்கச் சொன்னார்கள். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து இமைக்காமல் முறைத்துக்கொண்டிருந்தும், படுத்த மாத்திரத்தில் குறட்டை வந்துவிட்டது.

வாசலில் பிஸ்கட் டப்பா கத்தியது.

“அண்ணாச்சி, தணிகாசலம்னு யாரோ கூப்பிடுறாங்க” என்று குரல் கொடுத்தான் சொர்ணப்பன்.

“உனக்குத் தெரிஞ்சவரா?”

“இல்லை.”

“அப்ப விட்டுரு.”

தூங்கி எழுந்த மேடத்தின் முகம் அலம்பி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. பள்ளியைச் சுற்றிப் பார்த்தார். சின்ன வாசல், தாழ்ந்த கடிகாரம், கண் சிவந்த டீச்சர். சிரிப்பை அடக்கிக்கொண்டு பிள்ளைகளை எண்ணினார். முகம் வாடியது.

“எல்லாம் சரிதான் ஐயா. ஆனா இருபத்தொன்பதுதான் இருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் நான் சான்று குடுக்க முடியாதே.”

அண்ணாச்சியும் எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு நிமிர்ந்து, வருத்தத்தோடு மேடத்தைப் பார்த்தார்.

“உங்களை விட்டுட்டு எண்ணுறீங்களேம்மா. படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?”

மேடம் குனிந்து தன் நெஞ்சில் இருந்த வாத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிள்ளைகளும் கூடச் சிரித்தன. “ஆமாய்யா, முப்பதுதான்” என்று பையிலிருந்து சான்றிதழை எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டார். “என் மேலதிகாரி கையெழுத்து ஒண்ணுதான் இனிப் பாக்கி.”

அந்த நேரம் பார்த்து வெளியே கார் வந்து நின்றது.

“அருள்மொழி! போனை ஏன் எடுக்கலை? இன்னும் மூணு ஸ்கூல் பாக்கி இருக்கு. ராத்திரிக்குள்ள ரிப்போர்ட் வேணும். வெளிய வாங்க!”

சொர்ணப்பன் மறித்தான். “யாருய்யா நீங்க?”

“தணிகாசலம். அந்தம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

கூட்டிப் போக ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறதே. அண்ணாச்சி மேடத்தின் முன்னால் மண்டி போட்டார்.

“கண்ணு, வெளிய நிக்கிறாரே, அவரைத் தெரியுமா? பயப்படாமச் சொல்லு.”

மேடம் பொந்து வழியாகப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.

“தெரியாதுங்க” என்றார்.

“என்னது!” என்று தணிகாசலம் பாய்ந்து உள்ளே தலையை நுழைத்தார். தலை வந்தது. தோள் வந்தது. கை இரண்டும் வந்தது. தொப்பை மட்டும் வரவில்லை.

“எண்ணெய் எங்க?” என்றார் அண்ணாச்சி.

“காலையில நாம தடவினதோட தீந்துபோச்சு” என்றார் ஆயா.

“அப்ப இவரு பெரியவரா, பிள்ளையா?”

டீச்சர் யோசித்தார். “உள்ள இருக்கிறது வரைக்கும் பிள்ளை அண்ணாச்சி. வெளிய இருக்கிறது பெரியவரு. அதைச் சொர்ணப்பன் பாத்துக்கிடட்டும்.”

மேடம் மெல்லச் சான்றிதழையும் ஒரு பச்சை க்ரேயானையும் கொண்டுவந்து தணிகாசலத்தின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். “இவரு யாருன்னு தெரியலைய்யா. ஆனா பாத்தா நல்லாக் கையெழுத்துப் போடுறவரு மாதிரி இருக்கு. போட்டுட்டா, கடையில எண்ணெய் வாங்கிட்டு வந்திரலாம்.”

தணிகாசலம் அண்ணாச்சியைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், தன்னைச் சுற்றி உட்கார்ந்து பழிப்புக் காட்டும் பிள்ளைகளைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு க்ரேயானால் கையெழுத்துப் போட்டார்.

அண்ணாச்சி அழுதேவிட்டார். சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடிகாரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் மாட்டினார். எல்லோரும் குப்புறப் படுத்து அதைப் படித்தார்கள்.

“போட்டுட்டேன்ல! இழுங்கய்யா! டேய், இழுங்கடா!” என்று வாசலிலிருந்து கத்தல் வந்தது.

அண்ணாச்சி தவழ்ந்து போய், வாத்துப் படம் போட்ட ஒரு புது அட்டையை எடுத்துக்கொண்டு, தணிகாசலத்தின் கண்ணீரைத் துடைத்துவிட்டார்.

“பேரு என்ன தம்பி?”

தணிகாசலம் இன்னும் பலமாகக் கத்தினார். அண்ணாச்சி கலங்கிப்போய்த் திரும்பினார். செல்லத்தாயி ஆயா பருப்புச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“விடுங்க அண்ணாச்சி. முதல் நாள் எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் கத்தும். ரெண்டு நாள்ல பழகிரும்.”