தலைவர் வண்டிக்கு முன்னால் யாருமில்லை

பூங்கோதை கேமரா பழகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ரேக்ளா பந்தயத்தைப் படமெடுக்க வந்தவளைக் கமிட்டித் தலைவர் நாச்சிமுத்து மறித்தார்.

"இதா பாரு அம்மிணி, படத்துல என் வண்டிக்கு முன்னால ஒரு வண்டியும் தெரியக் கூடாது. தெரிஞ்சா, இனி மைதானத்துக்குள்ள காலெடுத்து வைக்க முடியாது!"

"ஆகட்டுங்க."

அவர் வண்டியோ கடைசியாக வந்தது. பரிசு மேடை பின்னால் தெரியும்படி நின்று, படத்தில் காளைகளுக்கு முன்னே தாராளமாக இடம்விட்டு, குளம்புகள் எழும்பிய நொடியில் அழுத்தினாள்.

தன் வண்டியை மட்டுமே பார்த்துப் பூரித்த தலைவர், படத்தைப் பேருந்து நிறுத்தத்தில் பேனராகக் கட்டினார். ஊரே சிரித்தது. பின்னணி மேடையில், ஜெயித்தவர் கோப்பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை பண்ணி வச்சிருக்கே?" என்று பாய்ந்தார் தலைவர்.

"முன்னால ஒரு வண்டியும் இல்லீங்களே! எல்லாரும் வந்து சேர்ந்து வெகுநேரம் ஆச்சுங்க."