திறக்காத குழாய்

காலை ஆறேகால் மணிக்கு, ஊரெங்கும் காற்றைப் பிடித்த முப்பத்தெட்டுக் கண்ணாடிக் குழாய்களின் முடிவுத் தாள்களைக் கையில் சுருட்டிக்கொண்டு, நல்லசிவம் காற்று ஆய்வுக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி வந்தார்.

"டீச்சர், குழாய் ஒண்ணு சொல்லுது. காலண்டர் வேற சொல்லுது."

பவுலின் டீச்சர் காற்றுமானியின் கிண்ணங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. அவருக்கு ஐம்பத்துநான்கு. காற்றில் கலந்திருப்பதைப் பிரித்துப் படிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவள். தலை நரைத்தவர்களும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

கீழே நகரம் மூடுபனியில் முழுகிக் கிடந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் கறுப்புப் படகுகளைப் போல மிதந்தன.

"உட்காருங்க சார். குழாய் என்ன சொல்லுது?"

"பெயிண்ட் பட்டறைத் தெருன்னு சொல்லுது. பென்சீன், டொலுவீன், எல்லாம் அங்கதான் உச்சம். ஊர்க் காத்துல இருக்கிற ஹைட்ரோகார்பனுக்கே அதுதான் ஊற்றுக்கண்."

"காலண்டர்?"

"ஆயுத பூஜைக்கு மறுநாள் முப்பத்தொரு பட்டறையும் லீவு. ஒருத்தனும் ஒரு டப்பாவைத் திறக்கலை. அன்னைக்கும் அதே அளவு."

"அப்போ எழுதாதீங்க."

"வெள்ளிக்கிழமை அறிக்கையில நான் கையெழுத்துப் போட்டாகணும். போட்டா முப்பத்தொண்ணுக்கும் பூட்டு. போடலைன்னா, பட்டறைக்காரன்கிட்ட டீ குடிச்சுட்டான்னு பேசுவாங்க."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். வெறும் டீதான்."

டீச்சர் சிரித்தாள். அலமாரியிலிருந்து ஒரு புதுக் குழாயை எடுத்து நீட்டினாள். சுண்டுவிரல் நீளக் கண்ணாடி. உள்ளே ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்தூள். இரு முனையிலும் ரப்பர் மூடி.

"இதையும் பட்டறைத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்ததை எப்படிக் கொண்டு போவீங்களோ அப்படியே. மூடியை மட்டும் கழற்றாதீங்க."

"திறக்காத குழாய் எதை மோந்து பார்க்கும்?"

"போய்ட்டு வாங்க சார். அதுகிட்டயே கேட்போம்."

குழாயில் வெயில் படக் கூடாது, தூசி படக் கூடாது. இருபது வருடப் பழக்கம். நல்லசிவம் அதைக் கைக்குட்டையில் சுற்றி, ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி உள்ளே பத்திரமாக வைத்துப் பூட்டினார்.

பிறகு பனிக்குள் இறங்கினார்.

முகங்கள் இல்லாமல் வாசனைகள் மட்டும் வந்தன. காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. சூடான தார். ஒரு பள்ளி வேன் தெரியாமலே கடந்து, டீசல் நெடியை மட்டும் விட்டுச் சென்றது. சிக்னலில் சிவப்பு விளக்கு அந்தரத்தில் தொங்கியது. ஊர் தூங்குகிறதா, தான் தூங்குகிறோமா என்று அவருக்கு ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

இரண்டேகால் மணி நேரம் கழித்து, நகரத்தின் அந்தக் கோடியில் பட்டறைத் தெரு வந்தது. பழைய பேருந்து ஒன்று பாதி நீலமாக நின்றது.

அதற்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர் தஸ்தகீர் முகமூடியைக் கழற்றினார். அவருடைய புருவமும் நீலமாக இருந்தது.

"என்ன சார், இன்னைக்குக் குழாயை வெளியவே எடுக்கலை?"

"அது தூங்கட்டும் பாய்."

"சனிக்கிழமை பெயிண்டுக்கு ஒரு வேனை ஒத்துக்கலாமா? இல்ல, நீங்க மாட்டப்போற பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைக்கட்டுமா?"

நல்லசிவம் ஸ்கூட்டரைத் திருப்பினார். அன்று டீயும் குடிக்கவில்லை.

கோபுரத்தின் அடியில் இருந்தது டீச்சரின் ஆய்வறை. மதியம் குழாயை இயந்திரத்தில் பொருத்தினாள். திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது. கடைசிவரை தரையோடு தரையாகப் போகும் என்று அவர் காத்திருந்தார்.

கோடு எழுந்தது. ஒரு மலை. பக்கத்தில் இன்னொரு மலை. பிறகு வரிசையாகச் சின்னக் குன்றுகள். அந்த மலைத்தொடரை அவர் முப்பத்தெட்டு முறை பார்த்திருக்கிறார்.

"பட்டறைத் தெரு," என்றார். "டீச்சர், நான் திறக்கவே இல்லை. சத்தியமா."

"தெரியும் சார்."

"அப்போ இது எந்தத் தெருக் காத்து?"

மேசைமேல் அவருடைய ஸ்கூட்டர் சாவி கிடந்தது. டீச்சர் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. நல்லசிவம் சீட்டைத் தூக்கினார்.

கைக்குட்டை அப்படியே இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, பெட்ரோல் டேங்கின் மூடி. அடைபட்டிருந்த பெட்ரோல் நெடி அவர் முகத்தில் வந்து மோதியது; அதே பென்சீன், அதே டொலுவீன்.

அவர் குனிந்தபடியே நின்றார். வாய் மட்டும் முணுமுணுத்தது.

"மார்க்கெட், இருபது நிமிஷம்... ரயிலடி, ஐம்பது... பட்டறைத் தெரு..."

ரப்பர் மூடி வழியே கசிந்து, எவ்வளவு தூரமோ குழாயில் அவ்வளவு அழுக்கு.

"பட்டறைத் தெருவுக்கு எந்த பஸ் போகுது டீச்சர்?"

"நாற்பத்தேழு. உட்கார இடம் கிடைக்காது."

நவம்பர் 20ஆம் தேதி நகரின் புதிய மாசு அறிக்கை வெளியானது. பட்டறைத் தெரு பதினான்காம் இடத்தில் இருந்தது. முந்தைய முப்பத்தெட்டு அளவீடுகளும் தம் பிழையால் செல்லாதவை என்று அதன் முதல் பக்கத்தில் நல்லசிவம் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.