நிற்கப் பழக்கியவர்

கிட்ட வாருங்கள், கிட்ட வந்து உட்காருங்கள். காலை மடக்க முடியாதவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். உட்காருவதைப் பற்றித்தான் கதையே.

முன்னொரு காலத்தில், கப்பல் வந்துபோகிற ஒரு பட்டணத்தில், கனகசபை என்று ஒரு துணி வணிகர் இருந்தார். நல்லவர்தான். எறும்புக்கு மாவு போடுவார், காக்கைக்குச் சோறு வைப்பார். தன் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு நிற்பதற்கு இடமும் கொடுத்திருந்தார்.

விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். "வேலையாள் நின்றால்தான் கடைக்கு லட்சணம்" என்பார், பஞ்சு மெத்தையில் சாய்ந்துகொண்டு. அதை ஓர் ஓலையில் எழுதி வாசலில் கட்டியும் விட்டார்: கடையில் உட்காருகிறவர் வேலையை விட்டவர்.

ஆட்கள் என்ன செய்வார்கள்? கூட்டம் இல்லாத நேரத்தில் தூணில் சாய்ந்தார்கள். மறுநாள் ஓலையில் இரண்டாவது வரி ஏறியது: சாய்கிறவரும் உட்கார்ந்தவரே.

சரி என்று நூல்கண்டை வேண்டுமென்றே கீழே விட்டு, எடுக்கிற சாக்கில் கொஞ்சம் குந்தினார்கள். மூன்றாவது வரியும் ஏறியது: குந்துகிறவரும் உட்கார்ந்தவரே.

அந்தக் கடையில் பதினோரு வருஷமாகப் புடவை எடுத்துக் காட்டி வந்தவள் செம்பாயி. அவள் முழங்கால் பனங்காய்போல் வீங்கிவிட்டது. ஒருநாள் கேட்டாள்: "ஐயா, ஆள் வராத நேரத்தில் மட்டும் உட்கார ஒரு மணை போடுங்கள். இப்படியே போனால் இந்தக் கால் நடக்காது."

"காலா புடவை காட்டுகிறது? கைதானே. உட்கார வேண்டுமென்றால் வீட்டில் போய் உட்கார்" என்றார் கனகசபை.

வீட்டில் உட்கார்ந்தால் உலை ஏறாது. கடையில் நின்றால் கால் போய்விடும். செம்பாயி நேரே நகரசபைக்குப் போனாள்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. வழக்காடுகிற இருவரும் வழக்கு முடிகிற வரைக்கும் நிற்க வேண்டும். நடுவில் உட்காருகிறவர் தோற்றவர். சும்மா சும்மா வழக்கைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாதே என்று பெரியவர்கள் வைத்தது. உட்கார்ந்துகொண்டுதான் வைத்தார்கள்.

கனகசபை சிரித்துக்கொண்டே வந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு இவள் எவ்வளவு நேரம் நிற்பாள்?

"சொல்லம்மா" என்றார் சபைத் தலைவர்.

"எங்கிருந்து சொல்லட்டும் ஐயா?"

"முதலிலிருந்து சொல்."

அங்கேதான் அவர் தப்புச் செய்தார்.

செம்பாயி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு வந்தது குயவர் தெருவிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும். மாமியாருக்கு அரக்கு பிடித்தது, மருமகளுக்குப் பச்சை. முப்பது புடவை பிரித்துப் பார்த்தார்கள், ஒன்றும் எடுக்கவில்லை. முப்பதையும் இவள்தான் மடித்தாள். மடித்த விதத்தையும் சொன்னாள்.

வெயில் முற்றத்துக்கு வந்தபோது கனகசபை மெல்லத் தூணில் சாய்ந்தார்.

"ஐயா, சாய்கிறவரும் உட்கார்ந்தவரே" என்றாள் செம்பாயி, வெகு மரியாதையாக. அவர் நிமிர்ந்துகொண்டார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அவர் மோதிரம் எப்படியோ கீழே விழுந்தது. முழங்காலை மடக்கப் போனார்.

"ஐயா, குந்துகிறவரும்..."

"தெரியும், தெரியும்" என்றார். மோதிரம் அங்கேயே கிடந்தது.

வெயில் இறங்கியபோது செம்பாயி முதல் வருஷத்து ஆடி மாதத்தைத்தான் தொட்டிருந்தாள். "இனிமேல்தான் ஐயா, கூட்டமே வரும்" என்றாள்.

கனகசபை தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் காலோடு எப்படியம்மா நின்றாய்?" என்று கேட்டார் சபைத் தலைவர்.

"பதினோரு வருஷம் எங்கள் கடை ஐயா என்னைப் பழக்கினார். அவரைப் பழக்கத்தான் ஆள் இல்லை, பாவம்."

மூன்று வரி ஓலை அன்றைக்கே இறங்கியது. கடைக்குக் கடை வேலையாளுக்கு மணை போட வேண்டும், உட்கார்ந்ததற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சபை தீர்ப்புச் சொன்னது. தன் வழக்கத்தை மட்டும் சபை மாற்றிக்கொள்ளவில்லை. அது சபை அல்லவா.

வேலை வாங்குகிறவர், தம் உடம்பு ஒரு நாள் தாங்காத சட்டத்தை வேலை செய்கிறவர் உடம்பின்மேல் வருஷக்கணக்கில் ஏற்றக் கூடாது.

செம்பாயி கடைசியாக என்ன செய்தாள் என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள். சபைச் சேவகன் ஒரு பலகை கொண்டுவந்து போட்டான். தரையில் கிடந்தவரை அவள்தான் கைகொடுத்துத் தூக்கி அதில் உட்காரவைத்தாள். மோதிரத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள். பிறகு, "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் ஐயா" என்று சொல்லி, அதே பலகையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.