தகட்டின் தோல்

ஓர் உலைக்கூடத்தில் விரல் நீளத்துக்கு மெல்லிய தகடு ஒன்று இருந்தது. அதற்குள் ஓர் ஊரே குடியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உலோக மணிகள்தான் வீடுகள். வீட்டுக்கு வீடு ஒரு சந்து. ஊர் முழுக்க இரும்பு அணுக்களான இரும்பர்கள். அங்கொருவர் இங்கொருவராகக் குரோமிய அணுக்களான குரோமியர்கள்.

"எங்கே திரும்பினாலும் சந்து! இதெல்லாம் ஓர் ஊரா?" என்று இரும்பர்கள் சலித்துக்கொள்வார்கள். பெரிய பெரிய மணிகளும் குறைந்த சந்துகளும் கொண்ட தகடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

ஒருநாள் சூடு தாங்குகிறதா என்று பார்க்கத் தகட்டை உலையில் வைத்தார்கள். சூடு அறுநூறு டிகிரியைத் தொட்டதும் ஆக்சிஜன் பல்லைக் காட்டிக்கொண்டு ஊர் எல்லைக்கு வந்தான்.

"ஐயோ, என்னைத் தின்ன வருகிறானே! யாராவது வாருங்களேன்!" என்று ஓரத்து இரும்பன் அலறினான்.

குரோமியர்கள் ஓடி வந்தார்கள். எல்லோரும் முகம் சுளித்த அந்தச் சந்துகள் வழியாகத்தான் வந்தார்கள். சந்து குறைந்த ஊராயிருந்தால் வந்து சேர்வதற்குள் பாதி ஊர் வெந்திருக்கும். எல்லையில் கைகோத்து நின்றார்கள். ஆக்சிஜன் கடித்தான். கடிபட்டவர்கள் ஒருவரோடொருவர் இறுகிச் சாம்பல் நிறத் தோலாகி ஊரை மூடினார்கள். ஆக்சிஜன் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்தான்.

"நீங்கள்தான் எங்கள் தெய்வம்!" என்றான் ஓரத்து இரும்பன்.

தகடு வெளியே வந்தது. கூடத்தின் தலைவி பூரணி அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன சவரிமுத்து, இவ்ளோ அழுக்கா இருக்கு? நாளைக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து வர்றாங்க."

"அழுக்கு இல்லீங்க மேடம். அந்தத் தோல்தான் தகட்டைக் காப்பாத்துது" என்றார் உலையைப் பார்த்துக்கொள்ளும் சவரிமுத்து.

"வர்றவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? பளபளன்னு இருக்கணும். தேய்ச்சு வைங்க."

சவரிமுத்து உப்புத்தாளை எடுத்தார். அந்த உப்புத்தாளுக்குக்கூட மனசு கேட்கவில்லை. ஓரத்து இரும்பனிடம் கேட்டது: "இவர்கள் உங்கள் ஊர் ஆட்களா? ஆமாம் என்று சொல், பல்லை மடக்கிக்கொள்கிறேன்."

தேய்ந்த ஒரு மூலையில் இரும்பன் தன் முகம் மின்னுவதைப் பார்த்தான்.

"எங்கள் ஆட்களா? சேச்சே! அழுக்குதான். நன்றாகத் தேய்!"

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ! சொல்லும்போதே வயிறு எரிகிறது. வெந்து செத்தவர்களுக்கு நன்றி வேண்டாம், பெயரையாவது விட்டுவைத்திருக்கலாம்.

"உனக்காக வெந்தவர்களைப் பார்த்தா இப்படிச் சொன்னாய்?" என்று உள்ளே இருந்த குரோமியன் ஒருவன் குமுறினான். இரும்பன் காதில் வாங்கவில்லை. மறுநாள் வந்தவர்கள் தகட்டைக் கையில் எடுத்துப் பாராட்டினார்கள். அவன் உச்சி குளிர்ந்து போனான்.

மறுபடி உலை. மறுபடி அலறல். குரோமியர்கள் மறுபடியும் ஓடி வந்தார்கள். ஊர் எரியும்போது கணக்குப் பார்க்க அவர்களுக்குத் தெரியாது. வெந்தார்கள், தோலானார்கள், தேய்க்கப்பட்டார்கள். ஒவ்வொரு பார்வையாளர் வருகைக்கும் இதே கதை நடந்தது.

நான்காம் முறை உலை மூடியது. ஆக்சிஜன் வந்தான்.

"குரோமியர்களே, ஓடி வாருங்கள்!"

சந்துகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஆக்சிஜன் ஓரத்து இரும்பனின் தோளைக் கடித்தான். துருவாகப் பொரிந்து செதில் செதிலாக உதிரத் தொடங்கியவன் கதறினான்.

"எல்லோரும் எங்கே போய்விட்டார்கள்?"

கடைசிச் சந்திலிருந்து ஒரே ஒரு குரோமியன் மட்டும் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"குப்பைத்தொட்டியில், உப்புத்தாளோடு கிடக்கிறார்கள். நீ வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார், வருகிறார்களா என்று."