பெரிய வளையம் கேட்டவ

"எனக்குப் பெரிய வளையத்தைத் தாங்கோ, ரீச்சர்" எண்டா பவளராணி.

ரீச்சர் நிலானிக்குப் பவளராணியின்ர மகளை விட ஒண்டு ரெண்டு வயதுதான் கூட. மிதிவெடி எடுக்கப் பழகிற இடத்தில நரை பாத்து மரியாதை இல்லை. ஆர் முதல் பழகினதோ அவதான் ரீச்சர்.

மேசையில ரெண்டு வளையம் கிடந்தது. நிலத்துக்குள்ள இரும்பு தேடுற கருவியின்ர நுனியில பூட்டுறது. ஒண்டு சுளகளவு. மற்றது சிரட்டையளவு.

"ஏனக்கா பெரிசு?"

"ஆழத்தில கிடக்கிறதையும் சொல்லுமாமே. ஒரு வீச்சில கனக்க நிலமும் பாக்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதை எண்டு சும்மாவோ சொன்னவை?"

"நீங்கள் என்னத்தைத் தேடுறியள்?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் தேடுறவைக்கு இன்னும் வளையம் செய்யேல்லை, அக்கா."

பவளராணிக்கு முகம் கறுத்துப்போச்சு. அவவின்ர அவசரம் அவவுக்கெல்லோ தெரியும்.

அடுத்த கிழமை இவை இறங்கப்போறது அவவின்ர சொந்த வளவுக்கு. கிணத்துக்குப் பின்னால விறகு பொறுக்கப் போன அவவின்ர மனிசன் அங்கதான் மிதிவெடியில செத்தவர். மாரிக்கு முதல் அங்க ஒரு கொட்டில் போட்டுக் குடியேற மகள் தர்சிகா துடிச்சுக்கொண்டு நிக்கிறாள். பேரன் இப்பதான் தவழத் தொடங்கியிருக்கிறான்.

தவழுற பிள்ளை! நடக்கிறவனுக்குக் கால் மட்டுந்தான் நிலத்தில படும். தவழுறவனுக்குக் கையும் படும், முழங்காலும் படும், விழுந்தா முகமும் படும். இதை நினைச்சு நினைச்சு மனிசிக்கு நித்திரையே இல்லை.

"சரி, பெரிசைப் பூட்டுங்கோ" எண்டா ரீச்சர். "பூட்டிப்போட்டு அங்கால திரும்பி நில்லுங்கோ."

அது பழகிற முற்றம். அந்த மணலுக்குள்ள வெடிக்கிற சாமான் ஒண்டும் புதைக்கிறேல்லை. வெறும் இரும்புத் துண்டுகள்தான்.

ரீச்சர் மணலைக் கிண்டுற சத்தம் கேட்டுது. பிறகு மூடுற சத்தம்.

"இப்ப தேடுங்கோ."

பவளராணி நிமிர்ந்து நிண்டு வளையத்தை வீசினா. கருவி பெரிசாக் கத்திச்சு. பழக்கினபடி பக்கத்தால மெல்ல மெல்லக் கிண்டினா. கறள் பிடிச்ச மண்வெட்டித் தகடு ஒண்டு வந்துது. அதை அங்கால வச்சிட்டுத் திரும்பவும் வீசினா. சத்தமில்லை.

"முடிஞ்சுது."

"வடிவாப் பாத்தியளோ?"

"பாத்தன், பாத்தன். ஒரு சத்தமும் இல்லை."

அந்த நேரம் பாத்து, இடுப்பில பிள்ளையும் கையில மத்தியானச் சோறுமாத் தர்சிகா வந்து சேந்தாள். ரீச்சர் கையை நீட்டினா. பிள்ளை தாவிப் போனான். வெக்கங்கெட்டவன், ஆர் கையை நீட்டினாலும் போவான்.

ரீச்சர் அவனைக் கொண்டுபோய், கிண்டின மணலுக்கு மேல குனிஞ்சா. அவன்ர கால் மணலைத் தொடச் சாண் இடைவெளிதான்.

"ஐயோ, வேண்டாம்!"

பவளராணி கத்தின கத்தில கொப்பில இருந்த காகமெல்லாம் எழும்பிச்சுது.

"ஏனக்கா? முடிஞ்சுதெண்டியள்?"

அங்க வெடிக்கிறதுக்கு ஒண்டுமில்லை எண்டு பவளராணிக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் கத்திப்போட்டா.

"பெரிய வளையம் ஏன் கேட்டனீங்கள்?"

"ஆழம்..."

"உண்மையைச் சொல்லுங்கோ."

பவளராணி மணலைப் பாத்துக்கொண்டு சொன்னா.

"அதெண்டா நிமிர்ந்து நிண்டு பாக்கலாம். கெதியா முடிச்சிட்டு வெளிய ஓடி வரலாம். அந்த மண்ணுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோக எனக்குப் பயமாக் கிடக்கு, பிள்ளை."

ரீச்சர் எண்டு சொல்லவும் மறந்துபோனா.

"கிணத்தடியில அண்ணையைக் கொண்டுபோன சாமான் எவ்வளவு பெரிசு?"

பவளராணி தன்ர உள்ளங்கையை விரிச்சுக் காட்டினா.

"இவ்வளவுதான். அதுவும் பிளாஸ்ரிக். உள்ளுக்க இரும்பெண்டு இருந்தது ஊசியளவு தானாம்."

சொல்லிப்போட்டுத் தன்ர கையையே பாத்துக்கொண்டு நிண்டா.

பிறகு மேசையடிக்குப் போனா. சுளகைக் கழட்டினா. சிரட்டையைப் பூட்டினா.

மணலில முழங்கால் குத்தினா. வளையம் மணலை உரசாத குறையா, விரல் விரலா அரக்கினா. வேர்வை மூக்கு நுனியில இருந்து சொட்டினது. துடைக்கக் கை எடுக்கேல்லை.

மண்வெட்டித் தகடு கிடந்த குழிக்குப் பக்கத்தில, நுளம்பு கத்தினமாதிரி ஒரு மெல்லிய சத்தம்.

விரலால மணலைத் தட்டித் தட்டி எடுத்தா. ஒரு சட்டை ஊசி. பெரிய வளையத்துக்கு அது கேக்கவேயில்லை.

பிள்ளை ரீச்சரின்ர தோளில கிடந்து சிரிச்சான்.

"இப்ப இறக்கட்டோ?" எண்டா ரீச்சர்.

பவளராணி தலையை நிமித்தேல்லை. வளையம் திரும்பவும் மணலுக்குக் கிட்டப் போச்சு.

"பொறுங்கோ. இங்கால பக்கம் இன்னும் பாக்கேல்லை."

ரீச்சர் பிள்ளையைக் கொண்டுவந்து தர்சிகாவின்ர கையில குடுத்தா.

"சோத்தை மூடி வையும், தங்கச்சி. அம்மா வரச் சுணங்கும்."