டிரம்பெட்டுக்குத் தைத்த தோல் சட்டை

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். பாதியில் எழுந்து காபி போடப் போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிறிஸ்தவ சபை. ஆண்டுதோறும் அங்கே அசனப் பண்டிகை உண்டு. ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்துக்கு முன்னால் சபையின் பேண்டு ஊர்வலம் வரும். முதல் கீர்த்தனையை டிரம்பெட்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு விருந்துப் பாத்திரம் துலக்கியவர்கள், அண்டாக்களுக்கு நடுவே கிடந்த டிரம்பெட்டையும் பித்தளைதானே என்று புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அன்றைக்கு அது தங்கமாக ஜொலித்தது. அவர்களுக்கும் ஏகத் திருப்தி. ஆனால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சு இருந்தது. பித்தளையைக் காத்து வந்ததே அதுதான். பூச்சு போன டிரம்பெட் பத்தே நாளில் கறுத்துப்போனது.

பேண்டுத் தலைவர் வேதமாணிக்கம் அன்று அழுதே விட்டார். இத்தனைக்கும் அவர் அடிப்பது பெரிய டிரம்.

போன வருடம் சபை புது டிரம்பெட் வாங்கியதும் அவர் ஒரு காரியம் செய்தார். இடது கை பிடிக்கிற இடத்தில், விரலால் அழுத்தும் மூன்று பிஸ்டன்களின் குழாய்களையும் சுற்றித் தோலால் ஒரு சட்டை தைக்கச் சொன்னார். காற்றுகூடப் புகாத இறுக்கம். அவிழ்க்க வழியில்லாத தையல். வாசிப்பவர் கை பித்தளையில் படாது, வியர்வை பூச்சைத் தின்னாது என்பது அவர் கணக்கு. தன் விரல்நுனிகூட அதன் மேல் பட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

வாசிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் தையல்காரர் சுகிர்தராஜ். அவருடைய கை உப்புக் கை. காலையில் எடுத்த புது ஊசி சாயங்காலத்துக்குள் துருப்பிடித்துவிடும். அதனால் தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி கிடக்கும், தொட்டதையெல்லாம் துடைத்துத்தான் வைப்பார். இன்னொருவர் பள்ளிக்கூட ஆசிரியை எஸ்தர் கனகம். அவர் கை காகிதம் மாதிரி, சித்திரை வெயிலிலும் வியர்க்காது.

தோல் சட்டையைப் பார்த்த அன்றே சுகிர்தராஜ், இதற்கு நாலு டிச் பட்டன் வைத்துத் தருகிறேன், கழற்றி மாட்டலாம் என்று சொன்னார். கழற்றினால் கை படும் என்று தலைவர் மறுத்துவிட்டார். தையல்காரருக்கு எதைக் கண்டாலும் பட்டன் ஞாபகம்தான் என்று கேலி வேறு.

வருடம் ஓடியது. ஞாயிறுதோறும் சுகிர்தராஜ் வாசித்தார். தெருத்தெருவாகப் போகும்போது டிரம்பெட்டின் கழுத்தை வெறுங்கையால் பிடித்துத்தான் தூக்கிப்போவார். பெட்டியில் வைக்குமுன் கழுத்தையும் வாயையும் துணியால் துடைப்பார். தோலையும் மேலாக ஒருமுறை துடைப்பார். புதன்கிழமைப் பயிற்சியில் எஸ்தர் வாசித்தார். பெட்டியைத் திறந்தால் நனைந்த செருப்பு வாடை வருகிறது என்று ஒருமுறை அவர் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை.

இந்த வருடப் பண்டிகை சுகிர்தராஜுக்குப் பெரிய காரியம். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் நடந்து வீடு வந்தால் அசனத்தன்று முதல் கீர்த்தனையை நான் வாசிப்பேன் என்று பொருத்தனை செய்திருந்தார். அவளும் நடந்தே வந்துவிட்டாள்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு, புதுக்கருக்கு அழியாத பித்தளையை எல்லாருக்கும் காட்டும் ஆசையில் வேதமாணிக்கம் போதகர், எஸ்தர் முன்னிலையில் சுகிர்தராஜை விட்டுத் தையலைப் பிரிக்க வைத்தார். உள்ளே பூச்சு உரிந்து, பித்தளை பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் கண்ணாடியாக மின்னியது, கழுத்து உட்பட.

தலைவர் ஒருவரைத்தான் பார்த்தார்.

"உம்ம உப்புக் கை தோலையும் தாண்டிட்டு வே. இனிமே நீரு இதத் தொடக்கூடாது. அசனத்துக்கு எஸ்தர் வாசிக்கட்டும்."

சுகிர்தராஜ் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எஸ்தருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து டிரம்பெட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, களிம்பு ஜாஸ்தியா இருக்கறது அடியில, தையலோரமா. அங்க யாரு கையும் எட்டாதே."

போதகர் பிரித்த தோலை வாங்கி விரித்தார். உட்பக்கம் சில்லென்று ஈரமாக இருந்தது. தையலோரம் உப்பளத்து வரப்புபோல வெள்ளைக் கோடு.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பூச்சைத் தின்றது எந்தக் கை? உப்புக் கையா, காகிதக் கையா, தொடவே தொடாத கையா?

*

விடை: உப்பு சுகிர்தராஜுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உப்புக் கை தின்பதாக இருந்தால் முதலில் கழுத்தைத்தான் தின்றிருக்க வேண்டும். வாராவாரம் வெறுங்கை பட்ட கழுத்து மின்னுகிறது, ஏனென்றால் பட்டதும் துடைக்கப்பட்டது. தோல் வியர்வையைக் குடித்துக்கொண்டு, காய வழியில்லாமல், கை எட்டாத அடிப்பக்கம் வரை ஊறி, வருடம் முழுக்கப் பித்தளையை ஈரத்திலேயே வைத்திருந்தது. துணி உள்ளே போகவிடாமல் தைத்து மூடவைத்தது தொடாத கை. போதகர் இதைச் சொன்னதும் வேதமாணிக்கம் அவரிடமிருந்து தோலை வாங்கினார். அதைச் சுகிர்தராஜின் கையில் கொடுத்து, "நாலு பட்டன் போதுமா வே?" என்று கேட்டார். அசனத்தன்று முதல் கீர்த்தனையைச் சுகிர்தராஜ்தான் வாசித்தார், மனைவி முன்வரிசையில் நின்று கேட்டாள். வாசித்து முடிந்ததும் பட்டன்களைக் கழற்றி, டிரம்பெட்டை மடியில் வைத்துத் துடைத்தவர் வேதமாணிக்கம். அவர் அதை முதன்முதலாகத் தொட்டது அன்றைக்குத்தான்.