வடக்கு பார்த்த புல்

கனடாவின் மேற்குச் சமவெளியில் ஓர் ஊர். குளிர் அங்கே ஆறு மாதம் டேரா போடும். மழை வந்தால் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்ட ஊரிலும் வீட்டு வாசல்தோறும் புல் இருந்தே ஆக வேண்டும் என்று ஜனங்களுக்கு ஒரு பிடிவாதம். வீடு வீடாகப் போய்ப் புல்லைப் பராமரித்து அந்தப் பிடிவாதத்தைக் காப்பாற்றிக் கொடுப்பவள் மங்கையர்க்கரசி. திண்டுக்கல்காரி. வயது முப்பத்துமூன்று.

அவளுடைய ஒரே சீடர் வைத்திலிங்கம். வயது அறுபத்தொன்று.

மன்னார்குடிப் பக்கம் முப்பது வருடம் வேளாண்மை அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் ஆறு மாதம் சோபாவும் டிவியுமே கதி. ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்தபோது, பக்கத்து வீட்டுப் புல்லில் ஒரு பெண் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். விரலை மண்ணுக்குள் விட்டு, நாடி பார்ப்பது போல வெகுநேரம் இருந்தாள். பிறகு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் எழுந்து போய்விட்டாள்.

இத்தனை வருட உத்தியோகத்தில், தன்னையும் சேர்த்து, மண்ணிடம் இவ்வளவு பொறுமையாக நின்ற ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. மறுநாளே போய் நின்றார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"சார், உங்களுக்கு எங்க அப்பா வயசு."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

மங்கை சிரித்துவிட்டாள். அன்றைக்கே கையில் ஒரு களைக்கொத்தியைக் கொடுத்தாள்.

அவளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆச்சரியம் தீரவில்லை. பனி கொட்டினால் மற்றவர்கள் எல்லாம் நடைபாதைப் பனியைத் தெருவோரம் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்கள். அவள் மட்டும் மண்வாரியில் அள்ளி அள்ளிச் சுமந்து இளங்கன்றுகளின் அடியில் கொட்டினாள்.

"குளிருக்குப் போர்வையா டீச்சர்?"

"போர்வையும்தான். ஆனா இந்த ஊர் மரம் குளிர்ல சாகறதைவிட தாகத்துல சாகறதுதான் சார் அதிகம். உருகும்போது குடிச்சுக்கும்."

இந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் யார் சொன்னது என்று வைத்திலிங்கம் வியந்தார்.

ஏப்ரல் பிறந்தது. தம்பி கல்யாணத்துக்காக மங்கை மூன்று வாரம் திண்டுக்கல் கிளம்பினாள்.

"மார்த்தா அம்மா வீடு உங்க பொறுப்பு சார். அதை நல்லா வெச்சிருந்தீங்கன்னா, வந்ததும் அந்தத் தெரு முழுசையும் உங்க கையில குடுத்துடறேன்."

வைத்திலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. சோபாவுக்கு இனி வேலை இல்லை என்று மகளிடம் அறிவித்துவிட்டார்.

மார்த்தா தனியாக இருக்கும் கிழவி. வாசல் புல் அவள் கணவர் தன் கையால் பரப்பியது. வீடு வடக்கு பார்த்தது.

இரண்டாவது வாரம் எதிர்வரிசை வீடுகளில் பச்சை தலைகாட்டியது. நாலே நாளில் வரிசை முழுக்கப் பசேலென்று ஆகிவிட்டது. மார்த்தா வீட்டில் புல் இன்னும் தேங்காய் நார் மாதிரி கிடந்தது.

மார்த்தா கதவைத் திறந்து கேட்டாள். "செத்துப் போய்விட்டதா?"

"இல்லை, இல்லை" என்றார் வைத்திலிங்கம்.

மறுநாள் நாயோடு நடந்து போன ஒருவர் நின்று, புல்லைப் பார்த்து, இவரையும் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலை இவரால் செரிக்க முடியவில்லை. டீச்சர் திரும்பி வர மூன்றே நாள் இருந்தது. அதற்குள் சுத்தமாகப் பெயர்த்துப் போட்டுப் புது விதை தூவிவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதைச் செய்தும் விட்டார். பாய் பாயாகப் பாதி வாசலை உரித்து, வீட்டுச் சுவரோரம் நிழலில் அடுக்கினார். அதற்கே இடுப்பு கழன்றுவிட்டது. மீதியும் விதையும் அப்படியே நின்றன.

மங்கை வந்து இறங்கினாள். வாசலைப் பார்த்தாள்.

நேரே சுவரோரம் போய், அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பழுப்புப் புல்தாள்களை இரண்டு கட்டைவிரலால் விலக்கினாள். அடியில் தண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் நடுவில் அரிசி முனை அளவுக்கு ஒரு பச்சை.

"வடக்கு வாசல் சார். குளிர்காலம் பூரா வீட்டு நிழல் இது மேலதான் விழும். மண்ணு சூடாக மூணு வாரம் பிந்தும்."

மன்னார்குடியில் வெயில் உச்சந்தலையில் அடிக்கும். அங்கே எந்த வீட்டின் நிழலும் ஒரு பயிரை மூன்று வாரம் தூங்க வைத்ததில்லை. உயிரோடு இருந்ததை அல்லவா பெயர்த்துப் போட்டிருக்கிறோம் என்று வைத்திலிங்கத்துக்கு அவமானமாக இருந்தது. மண்வாரியை அவளிடம் நீட்டினார்.

"இதை வாங்கிக்குங்க டீச்சர். எனக்கு இந்த வேலை ஆகாது. நான் வீட்டோட இருந்துக்கறேன்."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. துண்டைத் தூக்கி, அது இருந்த இடத்திலேயே படுக்க வைத்தாள். அடுத்த துண்டுக்குப் போனாள். அவள் மூன்றாவது துண்டை எடுத்தபோது வைத்திலிங்கம் மண்வாரியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த முனையில் குனிந்தார்.

மத்தியானம் வரை வேலை நடந்தது. துண்டுக்குத் துண்டு சேர்த்து, வேர் மண்ணில் படும்படி மிதித்து, மெல்லத் தண்ணீர் விட்டார்கள். முடிந்தபோது வாசல் முன்னைவிட மோசமாக, ஒட்டுப் போட்ட துணி மாதிரி கிடந்தது.

"பிழைக்குமா டீச்சர்?"

மங்கை படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள்.

"சார், எங்க ஊர்ல பூவும் திராட்சையும்தான். நெல்லு எனக்குத் தெரியாது. நாத்தைப் பறிச்சுத்தானே நடுவீங்க?"

"ஆமா. நாத்தங்கால்லேர்ந்து வேரோட பறிச்சு, சின்னச் சின்னக் கட்டா முடி கட்டி, வயல்ல கொண்டு போய் நடணும்."

"நட்டதும் பச்சையா நிக்குமா?"

"எங்க நிக்கும்? வெளுத்துப் போயி, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். ஒரு வாரம், பத்து நாள். பாக்கச் சகிக்காது." அவர் குரலில் தெம்பு ஏறியது. "புதுசா நெலம் வாங்கினவன் எல்லாம் ஆபீசுக்கு ஓடி வருவான். ஐயோ, பயிர் போச்சு சார்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"என்னத்தச் சொல்றது? பேசாம வீட்டுக்குப் போய்யா, அது வேர் பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லி அனுப்புவேன்."

"அவங்க நம்புவாங்களா?"

"நான் சொன்னா நம்புவாங்க. நம்மளைப் பாத்தாலே அவனுகளுக்குப் பாதி பயம் போயிடும்."

மங்கை எழுந்து, கீழே கிடந்த மண்வாரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அந்த ஆபீசரை எந்த ஊர்ல விட்டுட்டு வந்தீங்க சார்? நாளைக்கு இந்தத் தெரு வேலைக்கு வரும்போது அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க."